பிரபுவின் வரலாற்றை எழுதியவர் றெஜினா

றெஜினா அக்கா காலமான செய்தி எனக்கு ஒரு படமாகத்தான் வந்து சேர்ந்தது. ரொறன்ரோவில், வோபர்ன் பக்கம் ஒரு மரக்கறிக் கடையில், காசு கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் நலன்புரிச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு கண்ணீர் அஞ்சலி வந்து விழுந்தது. இரண்டு மெழுகுதிரி, நாலு மூலையிலும் ரோசாப்பூ. இடப்பக்கம் அக்காவின் முகம். ஏதோ கூட்டுப்படத்திலிருந்து வெட்டியெடுத்திருந்தார்கள்; பக்கத்தில் நின்றவருடைய தோள் பாதி அவரோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வலப்பக்கம் சங்கத் தலைவர், கோட்டும் பொன்னாடையுமாக, அக்காவைவிடப் பெரிதாக. யார் செத்தது என்று தெரியாதவர்கள் பார்த்தால் தலைவருக்காகத்தான் முதலில் அழுவார்கள்.

படத்தின் கீழே, "எமது சங்கத்தின் நீண்டகால ஆதரவாளர் திருமதி றெஜினா அலோசியஸ்" என்று போட்டிருந்தது.

ஆதரவாளராம்! வரிசையில் நின்றபடியே சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தார். கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே வந்து அக்காவின் மகள் மெலனிக்கு அழைத்தேன்.

"ஓம் அன்ரி, காலமைதான். உங்களுக்குத்தான் முதல்ல கோல் பண்ண இருந்தனான். அவையள் முந்திட்டினம்" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இரங்கல் எழுதும்போது கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுத வேண்டும் என்பார்கள். அக்காவும் அதைத்தான் சொல்லியிருப்பார். அவர் என்னை மன்னிக்கட்டும். அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. தெரியாதவர்களுக்காகவும், தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அக்கா மன்னார்க் கரையில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் மடத்துப் பாடசாலையில் படிப்பித்தவர். போர் துரத்த, கணவர் அலோசியஸ் அண்ணையோடு ரொறன்ரோ வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில் குடியேறினார். அதே தளத்தில் நாங்களும் இருந்தோம். உடுப்புத் தோய்க்கும் அறையில்தான் முதன்முதலில் கதைத்துக்கொண்டோம். மெசினுக்குள் போட்ட உடுப்புச் சுழன்றுகொண்டிருக்க, அக்கா வெறும் துணிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து, யாரோ ஒருவருடைய அகதி வழக்குக்கு வாக்குமூலம் எழுதிக்கொண்டிருப்பார்.

அந்தக் கட்டடத்தில் எத்தனை குடும்பத்தின் கதையை அவர் எழுதிக்கொடுத்தார் என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். பெரிய சொற்கள் அவருக்குப் பிடிக்காது. "கண்ணீர் மல்க எண்டெல்லாம் போடேலாது தம்பி. எந்தக் கதவை ஆர் உடைச்சது, அப்ப நீர் எங்கை நிண்டனீர், அதைச் சொல்லும்" என்பார். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டுவார். தன் வாழ்க்கையைத் தானே முதன்முதலாகக் கேட்பதுபோல் அந்த ஆள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

மெலனி கைக்குழந்தையாக இருந்தபோதே அலோசியஸ் அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். அக்கா ஒரு காப்புறுதிக் கம்பனியில் கோப்புப் பிரிவில் வேலை செய்துகொண்டு பிள்ளையை வளர்த்தார். என் தங்கை செய்திருந்தால் நான் பெருமைப்பட்டிருப்பேன் என்று சொல்லக்கூடிய எல்லாவற்றையும் செய்தார். ஆனால் நான் எழுத வந்தது அதை அல்ல.

சங்கம் பிறந்த நாளைச் சொல்கிறேன். அதற்குள் நாங்கள் பலரும் ஸ்காபறோவுக்கு வந்துவிட்டோம். டோர்செட் பார்க்கில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்து மண்டபத்தில் கூட்டம். சங்கத்தின் சட்டதிட்டங்களைச் சொல்லும் யாப்பு அக்கா எழுதியது. கூட்ட அழைப்பு அக்கா எழுதியது. தெரிவு தொடங்கியது. தலைவர் குலசிங்கம் அங்கிள். வயதில் மூத்தவர், நல்ல மனிதர், அவரில் எனக்குக் குறையில்லை. பிறகு உபதலைவர், பொருளாளர், காப்பாளர், உபகாப்பாளர், கௌரவ ஆலோசகர். கதிரையில் இருந்த ஆண்களின் தொகையைவிடப் பதவிகளின் தொகை கூடிவிடும்போல் இருந்தது. செயலாளருக்கு நான் எழுந்து றெஜினா அக்காவின் பெயரைச் சொன்னேன்.

மூன்றாம் வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். "ரீச்சர் பொம்பிளை. அங்கை இங்கை மீற்றிங்குக்கு அலையேலாது. செயலாளரா நான் இருக்கிறன், ரீச்சர் எழுதித் தரட்டும். ரீச்சருக்கு எழுத்து நல்லா வரும்தானே?"

எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா சிரித்தார். அன்று எழுந்தவர்தான் இன்றைய தலைவர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பதவியைச் சொன்னாலே திரும்பிப் பார்ப்பார், அது போதும்.

அன்றிலிருந்து அறிக்கை, நன்றிக் கடிதம், நகரசபைக்கு விண்ணப்பம், பொங்கல் விழாவுக்குத் தலைவர் உரை, கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குச் செயலாளர் உரை எல்லாம் அக்காவின் சமையலறை மேசையிலிருந்து புறப்பட்டன. பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்குப் பாடசாலையில் இடம் கேட்டு அலைந்து வாங்கியதும் அவர்தான். "அங்கை இங்கை அலையேலாது" என்று சொன்னவர் அந்த வகுப்புத் தொடங்கிய நாளில் நாடா வெட்டினார்.

மெலனி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அக்கா இங்குள்ள பல்கலைக்கழகமொன்றில் பகுதிநேரமாக முதுமாணிப் படிப்புக்குச் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய பிரபு வருகிறார்.

பேராசிரியர் முதல் நாளே, போரைப் பற்றி எழுதுங்கள், அகதி வாழ்வைப் பற்றி எழுதுங்கள், உங்கள் அனுபவம் பெறுமதியானது என்று சொன்னாராம். அக்கா அவருக்குச் சொன்ன பதிலை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார். "எங்கட ஊர்க் கதையை இங்கிலாந்துக்காரர் எத்தினையோ காலமா எழுதினவை. உங்கட ஊர்க் கதையை ஏன் எழுதேல்லை எண்டு அவையளை ஒருத்தரும் கேக்கேல்லை. நான் ஒரு இங்கிலாந்துப் பிரபுவை எழுதிப் பாக்கிறன் எண்டன். மனுசன் சிரிச்சிட்டு ஓம் எண்டுட்டார்."

பதினேழாம் நூற்றாண்டுப் பிரபு. அவருடைய பட்டப்பெயரை அக்கா சொன்னால் அழகாக இருக்கும். எனக்கு நாக்குப் புரளாது. அக்காவே வீட்டில் "பிரபு" என்றுதான் சொல்லுவார், ஏதோ மாடியில் வாடகைக்கு இருக்கிற ஆளைச் சொல்வதுபோல. "பிரபுவுக்கு இண்டைக்கு இன்னொரு பதவி கிடைச்சிருக்கு சறோ, வாரும் தேத்தண்ணி குடிப்பம்" என்று எனக்கு அழைப்பு வரும்.

அவர் இரண்டாவது மகன். அண்ணன் அம்மையில் செத்துப்போகப் பட்டம் இவருக்கு வந்தது. நல்ல உயரம், நன்றாக ஆடுவார். அரண்மனைக் கூத்தில் இவர் ஆடியதைப் பார்த்து அரசனுக்குப் பிடித்துவிட்டது. முதலில் ஓர் அரச வனத்தின் தலைமைக் காவலராக்கினான். அந்த வனத்துக்குள் பிரபு ஒருநாளும் கால்வைத்ததாகத் தெரியவில்லை. பிறகு கரையோரக் கோட்டையொன்றின் அதிபதி. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பிவிட்டார். பிறகு தன் மாவட்டத்துப் படைகளுக்குப் பொறுப்பாளர், அரச ஆலோசனைச் சபையின் உறுப்பினர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வருமானம், ஒரு கதிரை.

அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை மூண்டபோது பிரபு கொஞ்சக் காலம் எந்தப் பக்கமும் போகாமல் வீட்டில் இருந்தார். பிறகு பாராளுமன்றத்தின் பக்கம் போனார். அரசன் கொடுத்த அதே படைப்பொறுப்பைப் பாராளுமன்றமும் அவருக்கே கொடுத்தது. அரசனை விசாரித்துத் தலையை வெட்டிய நாட்களில் பிரபுவுக்குக் காலில் வாதம்; நாட்டுப்புறத்து மாளிகையில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார். வெட்டுப்பட்டவனுடைய மகன் அரசனாகத் திரும்பி வந்தபோது வாதம் சுகமாகிவிட்டது. வரவேற்கப் போனவர்களில் பிரபு முன்வரிசை. முடிசூட்டு விழாவில் எதையோ ஏந்திக்கொண்டும் நடந்தார். வனமும் கோட்டையும் சபையும் திரும்ப அவரிடமே வந்தன. கடைசியில் கட்டிலில் நிம்மதியாகச் செத்தார். கல்லறையில் பளிங்கில் எல்லாப் பதவியும் இலத்தீனில் வெட்டியிருக்கிறதாம்.

"உவரைப்போய் ஏன் அக்கா எழுதுறியள்? உவர் என்னதான் செய்தவர்?" என்று நான் எரிச்சலோடு கேட்டேன்.

"அதைத்தான் நானும் தேடுறன். இந்தப் பதவியளின்ர வேலையை ஆர் செய்தது? கோட்டைக்கு மா வாங்கினது ஆர், படைக்குச் சப்பாத்து அனுப்பினது ஆர்? கடிதமெல்லாம் ஒரே ஆளின்ர கையெழுத்து. பிரபுவின்ர இல்லை. பிரபு கீழை ஒப்பம் வைக்கிறதோட சரி. ஒரு குமாஸ்தா இருந்திருக்கிறான் சறோ, நாப்பது வருசமா."

அந்தக் குமாஸ்தாவைத்தான் அக்கா தன் ஆய்வில் நிறுவினார். பிரபுவின் பதவி வாழ்வு என்று இங்கிலாந்துக்காரர் எழுதி வைத்திருந்ததெல்லாம் இன்னொருவனுடைய உழைப்பு என்பதுதான் அதன் முடிவு. நான் உடனே, "அக்கா, நீங்கள் எழுதினது உங்களைப் பற்றி" என்றேன். எனக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"நான் குமாஸ்தா இல்லை" என்று சிரித்தார் அக்கா. "அவனுக்குச் சம்பளம் இருந்தது." சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குள் இருந்த கசப்பு அன்று எனக்குப் புரிந்தது.

சங்கத்தில் யாராவது இறந்தால் இரங்கலுரையும் அக்காவிடம்தான் வரும். குலசிங்கம் அங்கிள் இறந்தபோது செயலாளர், அதாவது இன்றைய தலைவர், வந்து கதவடியில் நின்றார். அக்கா ஒரு பகலில் எழுதிக் கொடுத்தார். எழுதி முடித்து மெலனிக்கும் எனக்கும் வாசித்துக் காட்டினார். சங்கத்தின் யாப்பை வரைந்தவர், வந்திறங்கிய குடும்பங்களுக்குத் துணை நின்றவர், தமிழ் வகுப்புக்கு இடம் வாங்கித் தந்தவர் என்று போய்க்கொண்டிருந்தது. "இதெல்லாம் நீங்கள் செய்தது" என்றேன். "செத்த மனுசனுக்கு என்னத்தைச் சொல்லுறது சறோ? அவர் கூட்டத்துக்கு ஒழுங்கா வந்தவர். அதை மட்டும் வாசிக்கேலுமோ?" என்றார். பிறகு ஒரு வரி வந்தது: "அரச சபையில் ஆலோசனை வழங்கவும், வனங்களைக் காவல் செய்யவும், கரையோரக் கோட்டையொன்றை ஆளவும் தகுதி வாய்ந்த அன்னார்."

மெலனி அப்போது பள்ளி மாணவி. "அம்மா! தற்ஸ் த பிரபு!" என்று கத்திவிட்டாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஒருத்தரும் கவனிக்காயினம், பாருங்கோ" என்றார். ஒருவரும் கவனிக்கவில்லை. செத்தவீட்டில் அந்த வரிக்கு இரண்டு பேர் தலையாட்டியதை நான் கண்ணால் கண்டேன்.

அக்காவின் குறும்பு அவ்வளவுதான். இனி வருவது குறும்பல்ல.

செயலாளர் தலைவரானார். ஆண்டு மலருக்குக் கனதியான கட்டுரை ஒன்று வேண்டும் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா முதன்முறையாகத் தன்னுடையதைக் கொடுத்தார்: பிரபுவின் வாழ்வும் பதவிகளும், தமிழில். எத்தனையோ வருட வேலை. மலர் வெளியீட்டுக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மலரைத் திறந்தோம். கட்டுரை இருந்தது, ஒரு சொல் மாறாமல். மேலே தலைவருடைய படம், அவருடைய பெயர்.

அக்கா தாளைத் தடவிக்கொண்டிருந்தார். மேடையில் ஒருவர், "எங்கட தலைவர் ஆங்கில வரலாற்றை எவ்வளவு ஆழமாகப் படிச்சிருக்கிறார்" என்று புகழ்ந்துகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "அரசனை வெட்டேக்கை உந்தப் பிரபு எங்கை இருந்தவர், தலைவர்?" என்று கேட்டேன். தலைவர் மைக்கைச் சரிசெய்தார். "அவரும் எங்களைப்போல சமூகத் தொண்டிலைதான் இருந்தவர்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

விழா முடிந்ததும் அக்கா போய் அவரிடம் நேரே கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். "ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"என்ன ரீச்சர், வித்தியாசமாக் கேக்கிறியள்? எப்பவும் நீங்கள் எழுதுறது என்ர பேரிலதானே வாறது? தலைவர் எழுதினது எண்டால் நாலு பேர் வாசிப்பினம். சங்கத்துக்கும் மதிப்பு."

அவர் களவெடுத்த ஆள்போல் பேசவில்லை என்பதுதான் என்னை இன்றைக்கும் கொதிக்க வைக்கிறது. வழமையைச் சொன்னார். அத்தனை வருட வழமையில் அக்காவுக்கென்று ஒரு பெயர் இருக்கலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

"நான் இனி விலகுறன்" என்றார் அக்கா.

தலைவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "எதில இருந்து ரீச்சர்? நீங்கள் ஒரு பதவியிலையும் இல்லையே?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரை அவ்வளவு காலத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த மலரில் திருத்தம் போடுவதாகச் சொன்னார்கள். அடுத்த மலரில் தலைவரின் வெளிநாட்டுப் பயணப் படங்கள்தான் இருந்தன. அதற்குப் பிறகு அக்கா சங்கத்துக்கு ஒரு வரியும் எழுதவில்லை. தலைவர் உரைகள் எப்படி மெலிந்துபோயின என்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா அழுதுகொண்டு இருந்துவிடவில்லை. கட்டுரையைப் புத்தகமாக்கத் தொடங்கினார். ஓய்வு பெற்ற பிறகு தினமும் அதே வேலை. சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரிக் கதிரையில் இரத்தம் சுத்திகரிக்க இருந்தபோதும், ஒரு கையில் ஊசி, மறு கையில் பென்சில். "பிரபு இண்டைக்குச் செத்திட்டார் சறோ" என்று ஒருநாள் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "கடைசி அதிகாரம் முடிஞ்சுது."

இந்தச் செய்தி எப்படியோ தலைவரின் காதுக்கும் போய்விட்டது. ஒரு கூடை பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மெலனியும் நானும் அங்கே இருந்தோம்.

"ரீச்சர், பழசை விடுங்கோ. புத்தகத்தைச் சங்கம் வெளியிடும். பெரிய மண்டபம், பெரிய விழா. உங்கட பேரும் இருக்கும். தொகுப்பாசிரியர் எண்டு என்ர பேரையும் போட்டால் சரி."

அக்காவுக்கு அப்போது பேசவே களைப்பு. "என்னத்தைத் தொகுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

"தலைவர் எண்ட முறையில..." என்று அவர் இழுத்தார்.

"பழத்தை நேர்சுமாருக்குக் குடுங்கோ. எனக்குப் பழம் சாப்பிடேலாது, பொட்டாசியம் கூடீடும்" என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் போனபிறகு கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "நான் எழுதினதுக்கு மேல என்ர பேர் இருக்க வேணும். என்ர பேர் மட்டும். அணிந்துரை, ஆசியுரை, தொகுப்பு ஒண்டும் வேண்டாம். மெலனி, கேட்டியோ?"

"கேட்டனான் அம்மா" என்றாள் மெலனி.

ஆயுள் முழுவதும் மற்றவர்களுக்காக எழுதிய ஒருவர் கடைசியாகக் கேட்டது இதைத்தான். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

செத்தவீட்டைச் சொல்ல வேண்டும். ஸ்காபறோவில் ஒரு மலர்ச்சாலையில் உடலை வைத்திருந்தார்கள். காலையில் செபமாலை சொல்லி முடிந்திருந்தது. பங்குச் சுவாமி பெட்டியைக் கோவிலுக்குக் கொண்டுபோக ஆயத்தமாக நின்றார். சங்கப் பேச்சு ஒன்றும் வேண்டாம் என்று மெலனி முன்னமே சொல்லியிருந்தாள். ஆனாலும் நிர்வாகக் குழு ஒரு மலர்வளையத்தோடு வந்தது. வளையத்தில் சங்கத்தின் பெயர் அக்காவின் பெயரைவிடப் பெரிது. தலைவர் நேரே மைக்கிடம் போனார். "ரெண்டு வார்த்தை" என்றார். கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு தாள் வெளியே வந்தது.

முதல் வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. யாப்பை வரைந்தவர். குடும்பங்களுக்குத் துணை நின்றவர். தமிழ் வகுப்புக்கு இடம் வாங்கித் தந்தவர். குலசிங்கம் அங்கிளுக்கு அக்கா எழுதிய அதே உரை. எழுதித்தர ஆளில்லாமல் போனதால் பழைய கோப்பைத் தேடியெடுத்து, மேலே பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். மற்ற இடமெல்லாம் "அன்னார்" என்று இருந்ததால் மாற்றத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார். ஒரு தடவைகூட வாசித்துப் பார்க்கவில்லை.

"...வனங்களைக் காவல் செய்யவும், கரையோரக் கோட்டையொன்றை ஆளவும் தகுதி வாய்ந்த அன்னார், தம் அன்பு மனைவியாரை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டு..."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. தலைவர் தாளை ஒருதரம் கிட்டப் பிடித்துப் பார்த்தார். தொண்டையைச் செருமிவிட்டு மிச்சத்தை வாசித்து முடித்தார். அவர் காலடியில், பெட்டிக்குள், அந்த உரையை எழுதியவர் படுத்திருந்தார். அவமானம் என்றால் இதைவிட என்ன இருக்கிறது? நான் எழும்புவதற்குள் மெலனி எழுந்து மைக்கடிக்குப் போய்விட்டாள். கத்தவில்லை.

"அங்கிள், இது ஆர் எழுதினது?"

"அது... கமிற்றியில எல்லாருமாச் சேர்ந்து... நான்தான் பிள்ளை எழுதினது."

"இல்லை அங்கிள். அம்மா எழுதினவ, குலசிங்கம் அங்கிளுக்கு. எங்கட கிச்சன் மேசையில இருந்து வாசிச்சுக் காட்டினவ. ஐ வாஸ் தேர். சறோ அன்ரியும் இருந்தவ."

குழுவில் ஒருவர், "பிள்ளை, இது செத்தவீடு. உதுகளைப் பிறகு கதைக்கலாம்" என்றார்.

"பிறகு ஆரோட கதைக்கிறது?" என்று நான் கேட்டேன். என் குரல் அந்த மண்டபத்துக்கு அதிகம்தான்.

மெலனி தலைவரை விட்டு அசையவில்லை. "நீங்கள் வாசிச்சது எல்லாம் அம்மா செய்தது. அது உங்களுக்கும் தெரியும். அந்த மனைவி வரியை மட்டும் விட்டிட்டு திருப்பி வாசியுங்கோ அங்கிள், முதல்ல இருந்து. வாசிக்க முதல், ஆர் எழுதினது எண்டு சொல்லுங்கோ. பிளீஸ்."

தலைவர் சுவாமியைப் பார்த்தார். கோவிலுக்கு நேரமாகிறது என்று சுவாமி சொல்வார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். சுவாமி, "வாசியுங்கோ" என்றார்.

தலைவர் மைக்கை எட்டிப் பிடித்தார். "எழுதியவர்... றெஜினா அலோசியஸ்."

"கேக்கேல்லை தம்பி!" என்று கடைசி வரிசையில் இருந்து ஒரு வயதான அம்மா சத்தம் போட்டார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குக் கேட்கவில்லை.

தலைவர் உரக்கச் சொன்னார். "எழுதியவர், றெஜினா அலோசியஸ்."

பிறகு முதலில் இருந்து வாசித்தார். இந்தமுறை அங்கிருந்தவர்கள் கேட்டார்கள். யாப்பு என்று வந்தபோது ஒரு பெரியவர், "ஓம், ரீச்சர்தான்" என்றார். குடும்பங்கள் என்று வந்தபோது பின்னால் ஒரு நடுவயதுக்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அவருடைய வழக்கை எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். கோட்டை வந்தது. மெலனி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தகப்பனைப் பார்த்ததாக நினைவில்லாத அந்தப் பிள்ளை, தாயின் தலைமாட்டில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கடைசிச் சொல் வரைக்கும் கேட்டாள். வாசித்து முடித்ததும், "தாங்ஸ் அங்கிள்" என்றாள். அதன்பிறகுதான் பெட்டியை மூட விட்டாள்.

என்னுடைய கோபம் ஆறிவிட்டதா என்றால் இல்லை. ஒரு பெயரைச் சொல்ல வைப்பதற்கு ஒரு பிள்ளை தாயின் பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்று வாதாட வேண்டியிருந்தது. அதை இந்த ஊர் வெட்கத்தோடு நினைவில் வைத்திருக்கட்டும்.

றெஜினா அக்கா, நீங்கள் கேட்டபடி நடந்திருக்கிறது. அச்சகத்திலிருந்து புத்தகத்தின் அட்டை நேற்று வந்தது. மெலனி கொண்டுவந்து என் மேசையில் விரித்துக் காட்டினாள். மேலே உங்கள் பிரபுவின் பெயர், கீழே உங்களுடைய பெயர். இடையில் ஒருவரும் இல்லை. போய் வாருங்கள்.